கொஞ்சம் கண்ணாடியை இறக்குங்க

மாலை ஷிஃப்ட் முடிந்ததும் புதுக்குலசைவாசிகள் அத்தனை பேரும் வழக்கம்போல் முகம் கழுவி, தலைவாரி, காரில் ஏறி எங்கேயும் போகாமல் இருக்கக் கிளம்பினார்கள்.

போவதற்கு அங்கே இடமும் இல்லை. நிலவின் பள்ளம் ஒன்றின் மேல் கவிழ்த்த கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த ஊர் அது. ஊரைச் சுற்றி ஒரே ஒரு வளையச்சாலை. கார்கள் தாமாகவே ஓடும். ஒரு சுற்று முடிந்தால் புறப்பட்ட இடத்துக்கே கொண்டு வந்து சேர்க்கும். அப்படித்தான் ஊரே தினமும் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு காரிலும் இருக்கைக்கு அடியில் ஓர் ஒலிப்பெட்டி, அடிவயிறு அதிர 'தும் தும்' என்று முழங்கிக்கொண்டிருக்கும். பக்தியோ குத்தோ, எந்தப் பாட்டை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வண்டி அதிலிருந்து அடிநாதத்தை மட்டும் பிடித்துப் பெருக்கித் தரும். டாக்டர்கள் அதற்கு அதிர்மருந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர் அதை பேஸ் என்றது. "என்ன, இன்னைக்கு பேஸ் எடுத்தாச்சா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

காரணம் எலும்பு. பூமியில் நடக்கும்போது அடிக்கு அடி எலும்புக்கு ஓர் இடி கிடைக்கிறது. நிலவில் உடம்பின் எடை ஆறில் ஒரு பங்குதான். இடி வாங்காத எலும்பு, நமக்கு இங்கே என்ன வேலை என்று மெல்லக் கரைய ஆரம்பித்துவிடும். அந்த இடியை அடிநாதத்தால் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்த பிறகுதான் நிலவில் குடும்பம் நடத்த முடிந்தது. வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாமே என்றால், அடிநாதம் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தட்டையும் தம்ளரையும் ஆட்டிவிடும். ஆகவே காரில்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கண்ணாடி ஏற்றியிருக்க வேண்டும். தாழ்ந்த நாதத்தின் அலை மிக நீளமானது. அது முழுசாக ஒரு முறை எழுந்து விழவே ஒரு லாரி நீளம் வேண்டும். காருக்குள் அதற்கு இடமேது? எனவே மூடிய காருக்குள் அது அலையாக ஓடாமல், உள்ளே இருக்கிற காற்று மொத்தத்தையும் ஒரே சமயத்தில் அழுத்தி ஒரே சமயத்தில் விடும். அந்த அழுத்தம்தான் மருந்து. கண்ணாடியை இறக்கினால் அழுத்தப்பட்ட காற்று ஜன்னல் வழியே நழுவிவிடும். பாட்டு கேட்கும், பாடகி கேட்பாள், ஜால்ரா கூடக் கேட்கும். அடி மட்டும் இருக்காது. மூடி போடாத குக்கரில் விசில் வராததைப்போலத்தான்.

இது தெரிந்துதான் முதலில் கண்ணாடி இறங்காத கார்களை அனுப்பினார்கள். புதுக்குலசையின் முதல் போராட்டம் அதற்காகத்தான் நடந்தது. தண்ணீரை அளந்து ஊற்றுகிறார்கள் என்று யாரும் போராடவில்லை. மூச்சுக்காற்றுக்கு வரி போட்டபோதும் போராடவில்லை. எதிரே தெரிந்தவர் வரும்போது கண்ணாடியை இறக்கி இரண்டு வார்த்தை பேச முடியாத வண்டியும் ஒரு வண்டியா என்றுதான் சாலையில் படுத்தார்கள். நிர்வாகம் பணிந்தது. கண்ணாடி இறங்கும் கார்கள் வந்தன. நிலவிலேயே இருப்பவர்களுக்கு எலும்பு அரைகுறையாக இருந்தாலே போதும் என்பதால் அதில் பெரிய கேடு ஒன்றும் விளையவில்லை.

பூமிக்குப் போக வேண்டியவர்களுக்குத்தான் சிக்கல். பொன்னுலிங்கத்துக்கு வந்தது அந்தச் சிக்கல்.

பொன்னுலிங்கம் பனி உருக்கும் ஆலையில் மேற்பார்வையாளர். மனைவி சொர்ணம், மகள் படிப்புக்காக அவளோடு பூமிக்குத் திரும்பி வெகுகாலம் ஆயிற்று. மகள் பெயர் தென்றல். காற்றே அடிக்காத ஊரில் பிறந்த குழந்தைக்கு அப்படி ஒரு பெயரை வைத்தவர் பொன்னுலிங்கம்தான். அவளுக்கு இப்போது கல்யாணம். மாப்பிள்ளை, மண்டபம், மேளம் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அப்பா வந்து தாரை வார்க்க வேண்டியதுதான் பாக்கி.

"நீங்க வந்தாதான்ப்பா மணவறையில உக்காருவேன்" என்றாள் தென்றல் திரையில்.

"வராம எங்கம்மா போகப்போறேன்" என்றார் பொன்னுலிங்கம்.

எலும்பு டாக்டர் ஷமீமா கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கப்பல் கிளம்புவது கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு. இறங்கியபின் பூமியில் நிற்கவும் நடக்கவும் பழக அத்தனை நாள் பிடிக்கும். கப்பல் ஏறுவதற்குள் காரில் இருக்கும் எலும்புமானியின் முள் பச்சைக் கோட்டைத் தொட வேண்டும். அதற்குப் பெயர் புவித்தகுதி.

"தினமும் முழு டோஸ் எடுங்க சார். கண்ணாடிய மட்டும் இறக்காதீங்க. வேற எதுவும் நான் கேக்கல."

"அது என்ன பெரிய விஷயம் டாக்டர்" என்றார் பொன்னுலிங்கம். அவர் நல்ல மனிதர். சொன்னபோது அதை நம்பித்தான் சொன்னார்.

கப்பலில் போகப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை ஊரின் எல்லாக் கார்களிலும் வாசிப்பது புதுக்குலசை வழக்கம். ஊருக்குச் சாமான் கொடுத்தனுப்ப நினைப்பவர்களின் வசதிக்காகச் சங்கம் கேட்டு வாங்கிய வழக்கம் அது. பொன்னுலிங்கத்தின் பெயரை வாசித்த அன்று மாலை அவர் வளையச்சாலையில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றி, மேளக் கச்சேரி ஒன்றைப் போட்டுவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார். தொடையெலும்பு வரை அடி இறங்கியது. சுகமாகத்தான் இருந்தது. கால் சுற்றுக்கூட முடிந்திருக்காது, பக்கத்தில் ஒரு கார் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே எதிர்வீட்டு ஜெயசீலி அக்கா. அவள் தன் கண்ணாடியை இறக்கிவிட்டு, இவரையும் இறக்கச் சொல்லிக் கையால் காட்டினாள்.

இறக்கினார். வேறென்ன செய்ய?

"கல்யாணத்துக்குப் போறியளாமே தம்பி! சொல்லவே இல்ல பாத்தியளா? சாப்டாச்சா?"

"ஆச்சுக்கா. டாக்டரம்மா கண்ணாடிய..."

"ஆமா ஆமா, இறக்கக் கூடாது. ஒரு நிமிசந்தான். எந்தங்கச்சிக்குக் கொஞ்சம் மோர்மிளகா. வெளிய வெற்றிடத்துல காய வெச்சது. அங்க ஆயிரம் நாள் வெயில்ல போட்டாலும் இப்படி வராது."

"கண்ணாடி திறந்துள்ளது" என்றது பொன்னுலிங்கத்தின் கார், அச்சடித்த தமிழில். "மருந்து வீணாகிறது."

"வாய மூடுதா பாரு இது" என்றாள் ஜெயசீலி. அவள் தங்கையின் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் மூன்று கார்கள் வரிசையில் சேர்ந்திருந்தன. பெயர் வாசித்த செய்தி எல்லாருக்கும் போயிருந்ததே. ஒருவர் போனதும் அடுத்தவர் பக்கத்தில் வந்தார். எல்லாரும் முதலில் வாழ்த்தினார்கள், பிறகு சாப்பிட்டாயிற்றா என்றார்கள், பிறகு ஒரு பொட்டலத்தை நீட்டினார்கள். ஒவ்வொருவரும் தாம் ஒரு நிமிஷம்தான் எடுத்துக்கொண்டதாக நம்பினார்கள். அது உண்மையும் கூட. அன்று மாலை முழுக்கப் பொன்னுலிங்கத்தின் எலும்புக்கு ஜால்ரா சத்தம்தான் கிடைத்தது.

மறுநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கண்ணாடியை இறக்காமல், சிரித்தபடி கையை மட்டும் ஆட்டினார். அடுத்த நாள் ஆலைக்குள் நுழையும்போதே உடன் வேலை பார்க்கும் ராமசுப்பு பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, கல்யாண வீட்டுக்காரர் ஆனதும் கண்ணாடி இறங்க மாட்டேங்குதாமே?"

"அப்படியெல்லாம் இல்லடே. எலும்புக்காகத்தான்..."

"எல்லாருக்கும் எலும்பு இருக்குல்லா?" என்றார் ராமசுப்பு.

பூமிக்கும் நிலவுக்கும் இடையே ஒளியே ஒரு விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். வம்பு அதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே சொர்ணம் கூப்பிட்டாள்.

"ஜெயசீலி அக்கா போன் பண்ணுனாவ. நீங்க மூஞ்சிய திருப்பிக்கிட்டுப் போறீங்களாமே. நல்லது கெட்டதுக்கு நாலு பேரு வேணுங்க. ரெண்டு வார்த்தை பேசுனா என்ன குறைஞ்சா போயிருவீங்க?"

"எலும்பு குறையும் சொர்ணம்."

"எலும்பும் குறையக் கூடாது" என்றாள் சொர்ணம் கண்டிப்பாக. "நீங்க இல்லாம நான் மணவறைக்கிட்ட யாரை நிறுத்துவேன்?"

இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று அவள் சொல்லவில்லை. பொன்னுலிங்கமே ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடியை முழுக்க இறக்காமல் இரண்டு விரல் மட்டும் இறக்குவது. பேச்சும் போகும், மருந்தும் நிற்கும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடும் காரில் ஒரு சின்ன இடைவெளி விட்டால் காரே ஒரு காலிப் பாட்டிலாகிவிடும். பாட்டில் வாயில் குறுக்கே ஊதினால் வருமே, அந்த மாதிரி 'வுப் வுப் வுப்' என்று காற்று காதை மோதத் தொடங்கியது. அதுவும் தாழ்ந்த நாதம்தான், ஆனால் மருந்துக்கு வேண்டிய நாதம் அல்ல. அவருடைய எலும்பு அசையவில்லை. தலைவலிதான் வந்தது. வாந்தி எடுக்கத் திறந்த ஜன்னலுக்குள் யாரோ ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு தூங்குவதுபோல் நடித்துப் பார்த்தார். தூங்குகிற மனுஷனை எழுப்ப மாட்டார்கள் அல்லவா? அது பூமியில் செல்லும். ராமசுப்பு பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினார். அசைவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். பிறகு அலறினார். வளையச்சாலை நின்றது. மீட்பு வண்டி வந்து நான்கு கதவுகளையும் திறந்து, பொன்னுலிங்கத்தை வெளியே இழுத்துப் போட்டு, நெஞ்சை அமுக்கியது. "அண்ணாச்சி, கண்ணத் திறந்துட்டீரா" என்று ராமசுப்பு உண்மையாகவே அழுதார். அந்த அழுகைக்கு முன்னால், தூங்கியது நடிப்பு என்று பொன்னுலிங்கம் எப்படிச் சொல்வது? நெஞ்சு வலி மட்டும் நிஜமாக இருந்தது. அதற்கப்புறம் ஊரே அவர் உடம்பைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தது. கண்ணாடியை இறக்கி நலம் விசாரிப்பவர்களும் வரிசையில் சேர்ந்தார்கள்.

முள் ஏறவே இல்லை. ஒருநாள் மயிரிழை ஏறும், மறுநாள் இறங்கும். அவர் தினமும் வேலையிலிருந்து வந்து, கண்ணாடியை ஏற்றி, மேளத்தைப் போட்டுவிட்டு, எந்தப் பக்கத்திலிருந்து கார் வருகிறது என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வந்ததும் விரல் தானாகப் பொத்தானுக்குப் போகும். திட்டிவிடலாம் என்றால், வருகிறவர்கள் கெட்டவர்களாக இருந்தால்தானே? எல்லாரும் பிரியத்தோடு வந்தார்கள். பிரியத்தோடு வருகிறவர்களை எந்தக் கண்ணாடியை ஏற்றித் தடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் பொட்டலங்கள் கட்டிலுக்கடியில் நிறைந்து, கட்டிலின் மேலும் ஏறின. அவர் தரையில் படுத்துக்கொண்டார்.

பரிசோதனை நாள் வந்தது. ஷமீமா படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"கண்ணாடிய இறக்குனீங்களா சார்?"

"கொஞ்சம் டாக்டர்."

"பூமியில இறங்கி நிமிர்ந்து நின்னா இடுப்பு ஒடிஞ்சிரும். நான் கையெழுத்துப் போட முடியாது."

"தாரை வார்க்க மட்டும்தான் டாக்டர். நிக்கக் கூட வேண்டாம். உக்காந்தே செஞ்சுருவேன்."

ஷமீமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டருடைய காரிலும் பலதடவை கண்ணாடியை இறக்கச் சொல்லிப் பொட்டலம் தந்தவர்கள் உண்டு. அவரும் ஊருக்குப் போக முடியாமல் இருப்பவர்தான்.

அந்தக் கப்பலில் புவித்தகுதி பெற்று ஏறியவர் ஒரே ஒருவர். பாறை ஆராய்ச்சிக்கு வந்திருந்த நார்வேக்காரர். ஊரில் அவருக்கு ஒருத்தரையும் தெரியாது. சாப்பிட்டீர்களா என்று அவரை யாரும் கேட்டதில்லை. தினமும் முழு டோஸ் அவருக்குத் தடையில்லாமல் கிடைத்திருந்தது. கப்பல் கிளம்பும் அன்று காலையில் ஜனங்கள் பொன்னுலிங்கத்தின் வீட்டுக்கு வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், அவரவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நார்வேக்காரரைத் தேடி ஓடினார்கள். கட்டில் காலியாயிற்று.

அதன்பின் வளையச்சாலையில் ஒரு மாற்றம் தெரிந்தது. பொன்னுலிங்கத்தின் கார் பக்கத்தில் வந்தால் மற்றவர்களின் கண்ணாடி ஏறிக்கொண்டது. மகள் கல்யாணத்துக்குப் போகக் கொடுத்து வைக்காத மனுஷனிடம் என்னவென்று பேசுவது? சிலர் நேராகப் பார்த்துக்கொண்டு போனார்கள். சிலர் திடீரென்று மடியில் எதையோ தேடினார்கள். ஜெயசீலி அக்கா ஒருமுறை கண்ணாடிக்குள்ளிருந்தே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கொடுமை செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. சங்கடமாக இருந்தது, அவ்வளவுதான்.

பொன்னுலிங்கம் தனியாகச் சுற்றினார். நான்கு கண்ணாடியும் ஏறியிருந்தன. மேளம் அடித்தது. ஒரு துளி காற்று நழுவாமல் அடி அத்தனையும் உடம்புக்குள் இறங்கியது. இடுப்பில் இறங்கியது, தொடையில் இறங்கியது, பல்லில் கூட இறங்கியது. மனது அழுதுகொண்டிருக்க, எலும்பு மட்டும் நாளுக்கு நாள் தேறியது. அவர் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பார்த்து என்ன ஆகப்போகிறது.

கல்யாண நாளன்று பட்டு வேட்டி கட்டிக்கொண்டு காரில் ஏறினார். வீட்டிலிருந்தே பார்க்கலாம்தான். ஆனால் சொர்ணம் ஒன்று சொல்லியிருந்தாள். "மேளக்காரங்க பக்கத்துல உங்களுக்குன்னே தனியா மைக் வெச்சிருக்கு. கார்ல போட்டுக் கேளுங்க. பக்கத்துல இருக்கிற மாதிரியே இருக்கும்." காரைச் சாலையோரம் நிறுத்தச் சொல்லி, முன்கண்ணாடியைத் திரையாக்கினார். மண்டபம் விரிந்தது. மணவறையில் தென்றல். அவள் கேமராவைப் பார்த்து ஒரு கணம் நிமிர்ந்தாள். தாரை வார்க்கப் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

தவில்காரர் சும்மா ஒரு தட்டுத் தட்டினார். காரே நடுங்கியது. பொன்னுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். சொர்ணம் சொன்னது சரிதான். மணவறைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், மேளத்துக்கு அடுத்த நாற்காலியில் அவர் இருந்தார். இத்தனை வருஷத்தில் வீட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் வந்ததே இல்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

அய்யர் தாலியை எடுத்து எல்லாரும் தொட்டுக் கும்பிட அனுப்பினார். தட்டு சுற்றி வந்தது. மாப்பிள்ளை கையில் தாலி வந்தது. அய்யர் விரலை உயர்த்தி, "கெட்டிமேளம்" என்றார்.

மேளம் இடியாக இறங்கியது. அதே சமயம் கார் பேசியது.

"வாழ்த்துகள். தாங்கள் புவித்தகுதி பெற்றுவிட்டீர்கள். அடுத்த கப்பலுக்கான பட்டியலில் தங்கள் பெயர் அனைத்து வண்டிகளிலும் அறிவிக்கப்படுகிறது."

பொன்னுலிங்கத்துக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியாது. விழுந்தது டொக் டொக் என்ற சத்தம்தான். பக்கவாட்டுக் கண்ணாடிக்கு வெளியே ஜெயசீலி அக்கா நின்றிருந்தாள். அவளாகவே காரை விட்டு இறங்கி வந்திருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. கையில் ஒரு டப்பா. இன்னொரு கையால், இறக்குங்க என்று காட்டினாள்.

ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்க என்று சொன்னால் போதும். அவள் பொறுத்திருப்பாள். பொன்னுலிங்கத்துக்கு அது தெரியும். கை உயரத்தான் பார்த்தது. விரல் அதற்குள் பொத்தானுக்குப் போய்விட்டது.

கண்ணாடி இறங்கியது. தவில்காரர்கள் எல்லாரும் சொல்லிவைத்து எழுந்து போய்விட்டதைப்போல அடி நின்றது. நாதஸ்வரம் மட்டும் எங்கோ தூரத்தில் மெலிசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாத்தியளா தம்பி, நான் சொல்லல? அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்டேன். அடுத்த கப்பல்ல போறியளாமே! என் தம்பி மகளுக்குப் பேறுகாலம் முடிஞ்சு பொம்பளப் புள்ள. ஒரு சின்ன வளையல்தான். கனமே இல்ல." அவள் தலையை உள்ளே நீட்டினாள். அப்போதுதான் திரை கண்ணில் பட்டது. "ஐயோ, கல்யாணம் நடக்குதோ? பாருங்க, பாருங்க. நான் அப்புறமா வாரேன்."

பொன்னுலிங்கம் திரும்பிப் பார்த்தார். திரை முழுக்க முதுகுகள். அட்சதை போட்டு முடித்த ஜனங்கள் கையைத் தட்டிக்கொண்டு, பந்திக்கு இடம் பிடிக்கத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவரின் தோளுக்கு மேலே தென்றலின் கழுத்துப் பக்கம் மஞ்சளாகக் கொஞ்சம் தெரிந்து மறைந்தது. ஜெயசீலியின் பின்னால் ராமசுப்புவின் கார் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு.

"பரவால்லக்கா, முடிஞ்சிருச்சு" என்று அவர் டப்பாவை வாங்கிக்கொண்டார். "சொல்லுங்க, எந்தத் தெருவுல குடுக்கணும்?"